இரண்டாவது மணியில் எழுந்து போனவன்

பிப்ரவரி 11

கண்ணாடிக்கு,

போனில் கூப்பிடாதே, எழுது என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன். கடைசியாக நான் கையால் நீளமாக எழுதியது டிப்ளமோ பரீட்சையில். கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். பேர் மட்டும் நாம் ஒருவருக்கொருவர் வைத்த பட்டப்பேர்தான்.

முதலில் விஷயம். நீ கேட்ட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் 86. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் கழித்து 168. இரண்டு மணி நேரம் கழித்து 109. எல்லாமே அளவுக்குள். மூன்று மாதச் சராசரியும் அளவுக்குள். ஆக எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. "உனக்கு உடம்புல ஏதோ இருக்கு. போய்ப் பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு" என்று நீ கிளம்புகிற அன்று சொன்னாய். பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. இனிப் பேசலாம்தானே.

நீ போய் ஆறு வாரம் ஆகிறது. மூக்குக் கண்ணாடிக் கடையின் புதுக் கிளைக்கு நீதான் பொறுப்பு என்று முதலாளி சொன்னது பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அதற்காகப் போகவில்லை. நான் கத்துகிறேன் என்று போனாய். கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து இரண்டு மூன்று மணி நேரம் போனால் எனக்கு என்னவோ ஆகிறது. கை நடுங்குகிறது. மேலுதட்டில் வேர்க்கிறது. எதிரில் நிற்கிற ஆள் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் பேசுகிறான் என்று தோன்றுகிறது. தொழிற்சாலையில் இதை எல்லாரும் கவனித்துவிட்டார்கள். ஃபோர்மேன் நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார்: "தம்பி, நாலு மணிக்கு உன்கிட்ட யாரும் கையெழுத்து வாங்க வரக்கூடாதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடவா? சங்கிலி போட்டுக் கட்டிருக்குன்னு சேத்து எழுதிடறேன்."

அதற்கு நானே வைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன். பாய்லர் கன்ட்ரோல் ரூமில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கிறேன். நடுக்கம் வந்தால் இரண்டு டம்ளர் கெட்டியாகக் கலக்கிக் குடிப்பேன். கொஞ்ச நேரத்தில் ஆள் சரியாகிவிடுவேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி வரும், முன்னைவிட மோசமாக. மறுபடி குடிப்பேன். வேலை செய்கிறது.

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. எப்போது வருகிறாய்? தேதியை மட்டும் எழுதினால் போதும்.

அவசரம்


பிப்ரவரி 18

அவசரத்துக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறதா? தெரியட்டும்.

ரிப்போர்ட் கிடைத்தது. நல்ல செய்தி என்று நினைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரியாது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் அத்தனையும் நீங்கள்தான். என் தம்பி வந்திருந்தபோது, அவன் சேனலை மாற்றினான் என்று ரிமோட்டைச் சுவரில் அடித்தது நீங்கள். பாதி வழியில் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, திரும்பி வந்து, ஏன் இறங்கினாய் என்று கேட்டதும் நீங்கள். நோய் என்று ஏதாவது இருந்தால் அதன் மேல் கோபப்படலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கோபப்பட வேறு ஆள் இல்லை என்று சீல் வைத்து அனுப்பிவிட்டீர்கள்.

இது நடந்து இரண்டு நாள் கழித்துத்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. ரிப்போர்ட்டின் தலைப்பில் ஐந்து மணி நேரப் பரிசோதனை என்று அச்சடித்திருக்கிறது. கீழே மூன்று வரியில்தான் எண் இருக்கிறது. மீதி வரிகளில் வெறும் கோடு. கடையில் இப்படி ஆட்களை நான் தினம் பார்க்கிறேன். வண்டி ஓட்டும் லைசென்ஸுக்குக் கண் சோதனைக்கு வருவார்கள். காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பலகையில் இருக்கிற எழுத்தை எல்லாம் மனப்பாடம் செய்துவிடுவார்கள். உள்ளே வந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் பலகையை மாற்றிப் போட்டால், "என்னம்மா இது, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்று என்னிடமே கோபித்துக்கொள்வார்கள். நீங்கள் அன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

இங்கே கடைக்கு மேலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல், அதுவும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்து. காலையிலிருந்து "இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா" என்று எல்லாரையும் கேட்கிறேன். கடை சாத்தி மேலே ஏறினால் என்னை ஒன்றும் கேட்க ஆள் இல்லை. முன்மேசையில் இருக்கிற பெண் நேற்றுக் கேட்டாள்: "மேடம், உங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் நிஜமாவே இருக்காரா? ஒரு போன்கூட வரலையே." நான்தான் பண்ண வேண்டாம் என்று சொன்னேன் என்றேன். "சொன்னதைக் கேக்கறாரா? அப்ப கண்டிப்பா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தேதி கேட்டிருக்கிறீர்கள். தேதி இல்லை.

கண்ணாடி


பிப்ரவரி 24

கண்ணாடிக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். இதற்கு நேரில் வந்து இரண்டு அறை விட்டுப் போயிருக்கலாம்.

கேட்டதற்குப் பதில்: இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். 109 என்று வந்தது. அளவுக்குள் வந்த பிறகு அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? தொழிற்சாலையில் நீராவி அழுத்தம் ஏறி இறங்குகிறது என்று இரண்டு முறை போன் வந்துவிட்டது. ரத்தம் எடுக்கிற பெண் சொல்லத்தான் செய்தாள்.

"சார், இன்னும் மூணு மணி நேரம் பாக்கி இருக்கு."

"நார்மல்தானே வந்திருக்கு?"

"இப்ப நார்மல் சார்."

'இப்ப' என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில், வண்டியில், நடுக்கம் வந்தது. பெட்ரோல் பங்க் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை. ரிப்போர்ட்டில் இல்லாததை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

நீ கேட்ட பிறகு விரலில் குத்திப் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன். வாங்கியதும் அதன் சோதனைத் திரவத்தை விட்டு, மீட்டர் சரியா என்று முதலில் பார்த்தேன். நீ சிரிப்பாய். மீட்டரைச் சோதிக்காமல் அளவை நம்புகிறவன் என் வேலைக்கு லாயக்கில்லை. அடுத்தடுத்த இரண்டு விரலில் 63 என்றும் 71 என்றும் காட்டியது. அந்த அளவு வித்தியாசம் இந்த வகை மீட்டரில் இருக்கத்தான் செய்யுமாம். ஒரு நாள் 212 என்று காட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது, ஆரஞ்சு உரித்த கையைக் கழுவாமல் குத்தியிருக்கிறேன். மீட்டர் அளந்தது ஆரஞ்சை.

இப்போது சொல்வதைப் பதறாமல் படி. போன வெள்ளிக்கிழமை பாய்லர் மேலே இருக்கிற அழுத்தமானியைப் பார்க்க ஏணியில் ஏறினேன். சாயந்திரம். மேல்படியில் நிற்கும்போது முள் இரண்டாகத் தெரிந்தது. எந்த முள்ளை எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேனே தவிர, இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. கீழே இருந்து ஃபோர்மேன், "தம்பி, அசையாதே, ரெண்டு கையாலயும் பிடி" என்றார். அவர் மேலே வந்து என் பெல்ட்டைப் பிடித்துப் படிப்படியாக இறக்கினார். "உன் வீட்டுக்குப் போன் போடறேன், நம்பரைச் சொல்லு" என்றார். வீட்டில் யாரும் இல்லை என்றேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அடுத்த நாள் டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "யாரு உங்களை ரெண்டு மணி நேரத்துல அனுப்பினது?" என்றார் அந்த அம்மா.

"நானே வந்துட்டேன்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"ஒரு மெஷினைப் பாதி நேரம் ஓட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

போடமாட்டேன். பிறகு அவரே விளக்கினார். சாப்பிட்டதும் சிலருக்கு உடம்பு இன்சுலினை அளவுக்கு மேல் கொட்டிவிடுகிறதாம். அதனால் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் சர்க்கரை தடாலென்று கீழே போகிறதாம். இரண்டு மணி நேரத்தோடு எழுந்து போகிறவனுக்கு அது எந்த ரிப்போர்ட்டிலும் தெரியாது. வெறும் வயிற்றுச் சோதனையிலும் தெரியாது. என் இரண்டு டம்ளர் வைத்தியத்தைச் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவு சர்க்கரையை ஒரே அடியாகக் கொடுத்தால் உடம்பு மறுபடி கொட்டும், மறுபடி விழும். ஆவி அழுத்தம் குறைகிறது என்று வால்வை முழுக்கத் திறக்கிறவனை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அழுத்தம் எகிறும், பயந்து மூடுவான், பாதாளத்துக்குப் போகும், மறுபடி திறப்பான். மூன்று மாதமாக அந்த முட்டாள் நான்தான்.

முழுப் பரிசோதனை மறுபடி செய்யப் போகிறேன். குளுக்கோஸ் தண்ணீர் இல்லை, இந்தத் தடவை சாதாரணச் சாப்பாடு. எண் வந்ததும் எழுதுகிறேன். அதுவரை உன் முடிவைத் தள்ளி வை. அதைத்தான் கேட்கிறேன்.

அவசரம்


மார்ச் 1

அவசரத்துக்கு,

ஏணியிலா? எவ்வளவு உயரம்? எழுதவில்லையே. அடி ஒன்றும் படவில்லையே? பட்டிருந்தால் இதையும் ரிப்போர்ட்டில் இல்லை என்று விட்டிருப்பீர்கள்.

ஃபோர்மேனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இந்த முறை ஐந்து மணி நேரமும் உட்காருங்கள். தொழிற்சாலை பற்றி எரிந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. வண்டியில் போகாதீர்கள். யாரையாவது கூட அழைத்துப் போங்கள் என்று எழுதிவிட்டு, யாரை என்று யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் போங்கள்.

முடிவைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள். வைத்திருக்கிறேன்.

கண்ணாடி


மார்ச் 9

கண்ணாடிக்கு,

47.

இதை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். நீ முழுசாகக் கேட்பாய்.

காலையில் வெறும் வயிற்றில் 84. அதன் பிறகு ரொட்டியும் ஜாமும், ஒரு முட்டையும், ஒரு டம்ளர் பழச்சாறும் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 171. இரண்டாவது மணியில் 102. போன தடவை நான் எழுந்து போன இடம் இதுதான். அந்தப் பெண் ஊசியை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "இருக்கேன், இருக்கேன்" என்றேன்.

காத்திருக்கிற அறையில் பச்சை நாற்காலிகள். சத்தம் இல்லாமல் ஓடுகிற டிவி. என்னைத் தவிர எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். ஒரு கிழவருக்கு மூன்று பேர். எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் என் பையை வைத்தேன், பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது மணியில் 61. அதன் பிறகு எதிரில் இருந்த அம்மா செருப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் செருப்பைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் என்று இருந்தது. பிறகு, காரணமே இல்லாமல், அழுகை வந்தது. கண்ணீர் ஓடுகிறது, எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மூளைக்குச் சர்க்கரை போகவில்லை என்றால் அப்படியும் ஆகுமாம். ரத்தம் எடுக்கிற பெண் ஓடி வந்தாள். கையைத் தொடாதே என்று கத்தினேன் போலிருக்கிறது. அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, "திட்டுங்க சார், பரவால்ல. நாப்பத்தஞ்சு அம்பதுல திட்டறதை எல்லாம் நாங்க கணக்குல எடுத்துக்கறதில்ல" என்றாள். அந்த ஊசியில்தான் 47. மூன்றரை மணி நேரம்.

கொஞ்சம் சர்க்கரை கொடுத்தார்கள், கொஞ்சம்தான். கால் மணி நேரத்தில் 82. எழுந்து அந்தச் செருப்பு அம்மாவைப் பார்த்தேன். பாவம், நல்ல மாதிரி. குளிருகிறதா தம்பி என்று கேட்டார்.

டாக்டர் சொன்னது: எண் 55க்குக் கீழே போக வேண்டும், அதே நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் இருக்க வேண்டும், சர்க்கரை உள்ளே போனதும் அது போய்விட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இதை நோய் என்று எடுத்துக்கொள்வார்களாம். வெறும் எண்ணை வைத்தும் சொல்லமாட்டார்கள், வெறும் நடுக்கத்தை வைத்தும் சொல்லமாட்டார்கள். மூன்றும் சேர்ந்தது. வேறு காரணம் இருக்கிறதா என்று மற்ற சோதனைகளும் எடுத்தார், எல்லாம் சுத்தம். மாத்திரை இல்லை. சாப்பாட்டைப் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. இனிப்பைத் தனியாகத் தொடக் கூடாது. ரொட்டி சாப்பிட்டால் கூடவே முட்டையோ கடலையோ காய்கறியோ. நடுக்கம் வந்தால் குளுக்கோஸ் மூன்று ஸ்பூன், அதோடு நிறுத்திக் காத்திருக்க வேண்டும், பிறகு வயிற்றில் கொஞ்ச நேரம் தங்குகிற மாதிரி ஏதாவது சாப்பிட வேண்டும்.

தொடங்கிவிட்டேன். மூன்று வேளை தனியாகச் சாப்பிடுவதே ஒரு மாதிரி இருக்கும். இப்போது ஆறு வேளை. ஆறு தடவை தட்டை எடுக்கிறேன், ஆறு தடவை சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன், ஆறு தடவை அதே தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். எண்களும் ஒழுங்காக இருக்கின்றன. ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அதனால் டாக்டரின் உதவியாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர், "சந்தோஷம் சார், அடுத்த மாசம் வாங்க" என்று வைத்துவிட்டார்.

ஆக விஷயம் இதுதான். அது நான் இல்லை. ரிமோட்டை அடித்தது நான் இல்லை. உன்னை வண்டியிலிருந்து இறக்கியது நான் இல்லை. இப்போது எண் இருக்கிறது, நகலை வைத்திருக்கிறேன், ஆறு வரியிலும் எண் இருக்கிறது, ஒன்றிலும் கோடு இல்லை. நீ திரும்பி வருவதற்குத் தடையாக இருந்தது போய்விட்டது. தேதி எழுது. பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

அவசரம்


மார்ச் 16

அவசரத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மேலே ஏறிப் பெட்டியை எடுத்தேன். ஒரு நோயாளியை விட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டு துணியை மடித்தேன். அந்த அறையில் நீ அழுததைப் படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. எல்லார் பக்கத்திலும் ஆள் இருந்தபோது உன் பக்கத்து நாற்காலியில் நான் இல்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் போதாது, அதனால் ஒரு தடவையோடு விடுகிறேன்.

பாதிப் பெட்டி நிறைந்ததும் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தேன். நீதான் ஆறு வரியும் பார் என்று எழுதியிருந்தாயே. பார்த்தேன். நீ 47 இருக்கிற வரியையே பார்க்கிறாய். எனக்கு முதல் வரியில் கண் நின்றுவிட்டது.

நான் எதற்காகக் கிளம்பினேன் என்று நீ ஒரு கடிதத்தில்கூடக் கேட்கவில்லை. கத்தியதற்காக என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். கத்தியதற்காகப் போவதென்றால் நான் போன வருஷமே போயிருக்க வேண்டும். நீ கத்தும்போது உன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அது நீ இல்லை என்று. எனக்கு எந்த எண்ணும் வேண்டியிருக்கவில்லை.

ஞாபகப்படுத்திப் பார். முதலாளி புதுக் கிளையைப் பற்றிச் சொன்ன அடுத்த நாள் காலை. நீ இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். நான் சமையலறை வாசலில் நின்று, "போகவா, வேண்டாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லமாட்டாயா என்றுதான் கேட்டேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போயேன். நீ இல்லன்னா இங்க என்ன நின்னுடப் போகுது" என்றாய்.

குரலை உயர்த்தவில்லை. கை நடுங்கவில்லை. இரண்டு கயிற்றையும் அழகாக முடிச்சுப் போட்டாய், குடை எங்கே என்று கேட்டாய், போனாய். அன்று சாயந்திரம் நீ ஏதோ கத்தினாய். அது என் காதிலேயே விழவில்லை. காலையில் சொன்னதே கேட்டுக்கொண்டிருந்தது.

அதையும் சேர்த்து நோயின் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் உன்னைப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். இப்போது எண் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் உனக்கு 84. போன தடவை 86. அந்த நேரத்தில் உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு ரிப்போர்ட் சொல்கிறது. 47ல் நீ சொன்னதை எல்லாம் அந்த ரத்தம் எடுக்கிற பெண்ணைப் போல நானும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 84ல் சொன்னதை என்ன செய்வது? நீயே சொல். நீ அளவு எடுக்கிறவன்.

பெட்டியில் இருந்ததை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். எல்லாக் கடிதத்திலும் நான் எப்போது வருவேன் என்று கேட்கிறாய். நீ வருவதைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை. நான் வந்தால் உன் ஆறு வேளைக்கு ஆள் கிடைக்கும். நல்லதுதான். எனக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இங்கே கடையில் என் பேரில் ஒரு சாவி இருக்கிறது. நான் இல்லாமல் ஷட்டர் திறக்காது.

ஆறு வேளையும் தவறாமல் சாப்பிடு. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

கண்ணாடி


மார்ச் 20

கண்ணாடிக்கு,

கடிதம் வந்தது. நேரம் நீ சொன்னதுதான். வெறும் வயிறு.

இதற்கு மேல் எழுத வரவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

அவசரம்


மார்ச் 29

கண்ணாடிக்கு,

இதை உன் முன்மேசைப் பெண்ணிடம் கொடுக்கிறேன். தபால் தலை இல்லை என்று பார்த்திருப்பாய். நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன்.

நேற்று வந்தேன். பஸ்ஸில் ஏழு மணி நேரம். டிபன் பாக்ஸ் இரண்டு, ஒன்றில் அவித்த முட்டை, ஒன்றில் ரொட்டியும் வெள்ளரிக்காயும், சட்டைப் பையில் கடலை. நேரத்துக்கு நேரம் திறந்து சாப்பிட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க பஸ்ல வரீங்களா, பந்தில வரீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு அவரே, மணி ஆச்சு, ஆச்சு என்று எழுப்பிவிட ஆரம்பித்துவிட்டார். நடுக்கம் ஒரு தடவைகூட வரவில்லை.

சாயந்திரம் உன் கடைக்கு எதிரில் வந்து நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாக நீ தெரிந்தாய். ஒரு பெரியவருக்குச் சோதனை ஃபிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாய். அவர் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், நீ சிரித்தாய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். உள்ளே வரலாம் என்று தெருவைக் கடக்கப் போனேன். கேட்காமல் வந்து நின்றால் வாடிக்கையாளர் முன்னால் உன்னால் போ என்றும் சொல்ல முடியாது. அதனால் லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று காலை நான் சொன்னதற்குப் பதில் எழுதுகிறேன். போகாதே என்று சொன்னால் உன் வாய்ப்பைக் கெடுத்தவன் நான். போ என்று சொன்னால் நீ போய்விடுவாய். நடுவில் ஒரு வார்த்தை இருந்திருக்கும். அதைத் தேட எனக்குப் பொறுமை இல்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கையில் கிடைத்ததைச் சொல்லிவிட்டுப் போனேன். 84ல்தான் சொன்னேன். அதற்கு மேல் அதற்கு விளக்கம் இல்லை.

நீ இல்லையென்றால் என்ன நின்றுவிடும் என்று கேட்டேன். பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. பாய்லர் ஓடுகிறது. தண்ணீர் வருகிறது. நான் வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். எப்போது மீட்டரில் பார்த்தாலும் 80, 90, 110. எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. எல்லாம் அளவுக்குள் இருந்துகொண்டே ஒரு வீடு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. இதற்கு எங்கே குத்திப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

இன்று காலை ஊருக்கு வெளியே இருக்கிற எண்ணெய் ஆலைக்குப் போய் வந்தேன். அங்கே பாய்லருக்கு ஆள் தேடுகிறார்கள். கன்ட்ரோல் ரூம் வேலை இல்லை, அதற்கு ஒரு படி கீழே, எனக்கு இளையவன் ஒருவன் என்னை ஏவுவான். உடம்பைப் பற்றியும் சொல்லிவிட்டேன், நேரத்துக்குச் சாப்பிட விட வேண்டும், கொஞ்ச மாசத்துக்கு ஏணியில் ஏறமாட்டேன் என்று. அந்த மேனேஜர் யோசித்துவிட்டு, "சாப்பிடறதுக்கு யாரும் தடை போடமாட்டாங்க. வரீங்களா, இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவருக்கு என்ன சொல்வது என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். நீ வர வேண்டியதில்லை. நான் வரவா, வேண்டாமா? வேண்டாம் என்றால் பஸ் ஏறிவிடுவேன். தெருவில் நின்று பேசமாட்டேன்.

லாட்ஜ் உன் கடைக்குப் பின் தெருவில், தையல் கடையின் மாடி. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடுவேன். நீ அதற்கு முன்னால் வந்தால் கொஞ்சம் உட்கார்ந்திரு. சாப்பிட்டு முடித்த பிறகு சொல். நீ என்ன சொன்னாலும் நான் அளவுக்குள் இருக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவசரம்